றெசோ என்னும் வலை

பிரெஞ்சு மொழியிலே 'றெசோ' என்றால் சிறுவலை என்று பொருள். வலையைச் சுட்டும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பூப்பின்னல் துணியின் கண்ணறைத் தளத்துக்கும் அதுவே பெயர். விஞ்ஞானிகள் இதனைப் பலவாறு எடுத்தாண்டனர். வானிலை நோக்கும் நிலையங்களின் தொகுதி ஒரு றெசோ. பளிங்கினுள் அணுக்கள் நிற்கும் ஒழுங்கும் றெசோ. அவ்வொழுங்கின் வகைகள் பதினான்கே எனப் பிராவே என்பார் 19ஆம் நூற்றாண்டின் நடுவிற் காட்டினார். ஒளியைப் பிரிக்கும் கோணல் நெய்யரியையும் பிரெஞ்சுக்காரர் இப்பெயராலேயே அழைப்பர். (நாம் அதற்குப் பெயரை அடுக்களையிலிருந்து எடுத்தோம், அதுவும் பொருத்தமே.)

ஆயினும் தீவகத்தாருக்கு எளிதில் விளங்கக்கூடியது வானியலாரின் றெசோவே. 1887 இல் பாரிசிலே கூடிய வானியலார், வானம் முழுவதையும் கண்ணாடித் தகடுகளிற் படம்பிடித்து விண்மீன்களின் இடங்களை அளக்கத் துணிந்தனர். தகட்டில் ஒரு மில்லிமீற்றர் வானத்தில் ஒரு கலைக்குச் சமன். தகட்டின் மேற்பூச்சோ செலற்றின். கழுவி உலர்த்துகையிற் சுருங்கவும் நெளியவும் கூடும். அந்நெளிவு அளவிலே பிழையாய் ஏறும். ஆகவே, 5 மில்லிமீற்றர் இடைவெளியிற் குறுக்கும் நெடுக்குமாய்க் கோடிட்ட வலையொன்றை அதே தகட்டில் ஒளியாற் பதித்தனர். பூச்சுச் சுருங்கினால் வலையும் உடன்சுருங்கும். நைலோன் வருமுன் பருத்திவலை வீசிய ஊர்காவற்றுறை, நெடுந்தீவு வலைஞர்க்கு இது புதிதன்று. நனைந்த வலை நீளத்திற் குறையும். கண்களின் தொகை குறையாது. விண்மீன் எத்தனையாவது கண்ணில், அக்கண்ணின் எவ்விடத்தில் நிற்கின்றது என்றே அளந்தனர்.

இப்பணியில் ஐதராபாத்து நிசாமியா வானோக்கு நிலையமும் பங்குகொண்டது. முதலிற் சந்தியாகோவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த, தெற்கே 17 பாகை முதல் 23 பாகை வரையான வலயத்தை ஏற்று, 1914 முதல் அது படம்பிடித்தது. 1918 இற் பொறுப்பேற்ற டி. பி. பாஸ்கரன் அவ்வேலையை நடத்தினார். நயினாதீவுக் கரையிலிருந்து பார்ப்பவர்க்கு அத்த நட்சத்திரக் கூட்டத்தின் ஒரு பகுதி அவ்வலயத்தினுள்ளேயே தோன்றும். பலர் வீண்வேலை என்று எண்ணிய அவ்வளவுகள், 2000 இல் வெளியான டைக்கோ-2 பட்டியலிற் செய்மதி அளவுகளோடு ஒப்பிடப்பட்டு, இலட்சக்கணக்கான விண்மீன்களின் மெல்லிய நகர்வைக் கணிக்க உதவின.

1969 இற் சந்திரனில் எடுத்த படங்களிலே சிறு சிலுவைகளைக் கண்டிருப்பீர்கள். அவையும் றெசோவே: படச்சுருளுக்கு முன்னிருந்த கண்ணாடியிற் பொறித்த, 10 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள 25 குறிகள். சில படங்களிற் சிலுவை ஒரு பொருளின் பின்னே மறைவதுபோலத் தோன்றுவதைக் காட்டி, பயணமே பொய் என்பாரும் உளர். உற்றுநோக்கினால், மறைவது பெரும்பாலும் வெண்மை மிக்க இடங்களிலேயே. அங்கே மிகையொளி படச்சுருளிற் பரவி அம்மெல்லிய கருங்கோட்டை விழுங்கிவிடுகின்றது.