மருந்துக்கொம்பின் வயது

மாட்டுக் கொம்பை வேகவைத்து உள்ளிருக்கும் எலும்பை உருவிவிட்டால் மிஞ்சுவது வெறுங்கூடு. நம் நகமும் மயிரும் எதனால் ஆனவையோ, அதே கெரட்டின்தான் அதுவும். எடை குறைவு, உலோகம்போல் உரசிப் பொறி கிளப்பாது, மழையிலும் உள்ளிருப்பது நனையாது. 18-ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் குடியேற்றப் படையினரும் துப்பாக்கி மருந்தை இதில் அடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். இதுதான் மருந்துக்கொம்பு. அகன்ற வாய்க்கு மரக்கட்டை, துளையிட்ட நுனிக்கு மூடி. மேற்புறத்தை மெலிதாகச் சுரண்டிவிட்டால், வெளிச்சத்தில் பிடித்ததும் மருந்தின் அளவு தெரியும்.

1754 முதல் 1763 வரை பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில், கோட்டைகளில் காத்துக் கிடந்த வீரர்கள் இதில் பெயர், ஊர், தேதி, ஆறு, ஏரி எல்லாம் செதுக்கினார்கள். அவர்களில் தேர்ந்த கை, மாசசூசெட்ஸின் ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த கறுப்பினப் போர்வீரர் ஜான் புஷ்.

இப்படிச் செதுக்கியவற்றுக்கு இன்று விலை அதிகம். அதனால் பழைய வெற்றுக்கொம்பில் புதிதாக எழுத்து வெட்டுவோரும் உண்டு. கொம்பு பழசு என்பதால் எழுத்தும் பழசாகிவிடாது.

எழுத்தின் வயதை அறியச் சில அடையாளங்கள் உண்டு. முதலில் தேய்மானம். கொம்பின் ஒரு பக்கம் ஆண்டுக்கணக்கில் சட்டையில் உராய்ந்திருக்கும். அங்கே கோடுகள் மழுங்கி, பரப்பு வழுவழுப்பாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே கூர்மையோடு இருந்தால் சந்தேகப்படலாம்.

அடுத்தது விரிசலும் பூச்சி அரித்த குழியும். செதுக்கிய பிறகு விழுந்த விரிசல், கோட்டைச் சட்டென்று துண்டிக்கும். கோடு விரிசலின் ஓரத்தில் சறுக்கியிருந்தாலோ, குழிக்குள் இறங்கி ஏறியிருந்தாலோ, பழுது முந்தியது, எழுத்து பிந்தியது.

பிறகு அடைப்புக்கட்டையின் ஆணி. கொல்லர் அடித்த ஆணியே 18-ஆம் நூற்றாண்டில் பெரிதும் புழங்கியது. கம்பியில் செய்த உருண்டை ஆணி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. ஆனால் கட்டையைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம். ஆணி ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கடைசல் பிடித்து, நுனியில் திருகு வைத்த கொம்புகள் முக்கியமாகப் பென்சில்வேனியாக் கைவினைஞர்களின் வேலை. பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியும் அதற்குப் பிந்திய காலமும். வார்ப்பின் தையல் கோடு தெரிந்தால் அது கொம்பே அல்ல, பிளாஸ்டிக். சூடான ஊசியால் குத்தினால் கொம்பில் மயிர் கருகும் வாடை வரும். ஆனால் பழம்பொருளில் அதைச் செய்வது பாவம்.

செதுக்கிய தேதி கடைசிச் சாட்சி. மற்ற எல்லாம் அதை ஆமோதித்த பிறகே நம்பலாம். இவ்வளவு கறார் எதற்கு? புஷ் போன்றவர்கள் தம் கையால் விட்டுப்போன தடம் இந்தக் கீறல்கள்தான். பொய்க்கீறல் ஒன்றை மெய்யென்று ஏற்றால் அந்தத் தடத்தைக் கலைத்துவிடுகிறோம். ஆகவே மருந்துக்கொம்பு ஒன்று கைக்கு வந்தால் பெயரைப் படிக்க அவசரப்படாதீர்கள். திருப்பி, உடலோடு உராய்ந்த பக்கத்தை முதலில் தடவிப் பாருங்கள்.