ரா படத்தை எந்த மென்பொருளில் திறப்பது?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை விடியலில் படம் எடுப்பவர்களுக்கு எப்போதும் ஒரு சிக்கல் வரும். மேற்கே நின்று பார்த்தால் சூரியன் கோயிலுக்குப் பின்னால் எழும். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் விமானம் கறுத்துப்போகும். கல்லுக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடும்.

ஜேபெக் படம் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகளுக்கு இடமுண்டு. அதனால் வானத்துக்கு அளவு வைத்து எடுத்துவிட்டு, இருளில் கிடக்கும் கல்லைப் பிறகு கணினியில் வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம். முழுக்க வெளுத்துப்போன வானத்தை மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஆனால் ரா கோப்பு இன்னும் படம் ஆகவில்லை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். விட்டுப்போன இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணித்து நிரப்புவது மென்பொருளின் வேலை. ஒரே கோப்பு இரண்டு மென்பொருள்களில் இரண்டு விதமாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

கடற்கரைக் கோயிலின் கல்லை நூறு சதவீத அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். உப்புக்காற்று பல நூற்றாண்டுகளாக அரித்ததில் சிற்பங்களின் முகங்கள் மழுங்கி, கல்லின் மணிமணியான சொரசொரப்பு மேலே வந்திருக்கிறது. இருண்ட பகுதியை வெளிச்சமாக்கும்போது புள்ளிப்புள்ளியாக நாய்ஸும் கூடவே வரும். எது கல்லின் மணி, எது நாய்ஸ் என்று மென்பொருளுக்குத் தெரியாது. நாய்ஸை அதிகம் துடைத்தால் கருங்கல் மெழுகுபோல் வழவழவென்று ஆகிவிடும். இந்த இடத்தில் நிதானமாக நடந்துகொள்ளும் மென்பொருளே நல்ல மென்பொருள் என்பது என் கருத்து. விளம்பரத்தில் வரும் ஸ்லைடர்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பறவைகளைப் படம் எடுக்க வேடந்தாங்கலுக்குப் போகிறவர்களுக்குச் சோதனை வேறு. மஞ்சள் மூக்கு நாரையின் வெள்ளை உடலில் இறகு விவரம் மிஞ்சுகிறதா, வால்பக்கத்து ரோஜா நிறம் இயல்பாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் காசு செலவழிக்கத் தேவையில்லை. கேனானின் டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல், நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ இரண்டும் இலவசம். கேமராத் திரையில் பார்த்த நிறத்துக்கு நெருக்கமாகத் தரும். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் திறமூல மென்பொருள்கள், அவையும் இலவசம்தான். கற்றுக்கொள்ளச் சில வாரம் பிடிக்கும், ஆனால் உழைப்பு வீணாகாது. ஃபியூஜிஃபில்மின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் வண்ணப் புள்ளிகளின் அடுக்கே வேறு என்பதால், அந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு ஒப்பிட வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருமண ஜோடிகளை நூற்றுக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளும் ஸ்டுடியோக்காரருக்குக் கட்டண மென்பொருள்களான லைட்ரூமோ கேப்சர் ஒன்னோ தேவைப்படலாம். ஒரு படத்துக்குச் செய்த திருத்தத்தை மொத்த வரிசைக்கும் சட்டென்று பரப்ப அவை வசதி. வாரக் கடைசியில் மட்டும் கேமரா எடுப்பவர் அதற்காக மாதாமாதம் சந்தா கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆப்பிள் நிறுவனம் 2005இல் கொண்டுவந்த அபெர்ச்சர் என்ற ரா மென்பொருளை இனி மேம்படுத்தப்போவதில்லை என்று 2014இல் அறிவித்தது. அதை நம்பியிருந்தவர்களின் ரா கோப்புகள் பத்திரமாக இருந்தன, திருத்தங்கள்தான் சிக்கிக்கொண்டன. மென்பொருள் ராவைத் தொடுவதில்லை, என்ன மாற்ற வேண்டும் என்ற குறிப்பைத் தனியாக எழுதி வைக்கிறது. ஒன்றின் குறிப்பை இன்னொன்று அப்படியே பின்பற்றாது. ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும், முடித்த நல்ல படங்களை 16 பிட் டிஃப் கோப்பாகவும் சேமித்து, ராவோடு சேர்த்து இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள்.