அரக்கு இசைத்தட்டு: மலையடிவாரம் வரை வந்த ராக் அண்ட் ரோல்

78 சுற்று இசைத்தட்டு, 1950கள்

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் இவ்வகைத் தட்டு, அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினோடு கல்மாவும் கரியும் கலந்து, சூட்டில் அழுத்தி வார்க்கப்பட்டதாகும். பத்து அங்குல விட்டமுள்ள இதன் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கியதால், பாடலின் நீளத்தையும் இதுவே வரையறுத்தது. உலகுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரையும் மனவுறுதியையும் பாடும் புளூஸ் இசை, 1920இல் நியூயார்க்கில் மேமி ஸ்மித் பாடிப் பதிவான 'கிரேசி புளூஸ்' வழியாக இத்தகைய தட்டில் பெருவாரியான மக்களை அடைந்தது. அதிலிருந்து கிளைத்துத் தாளம் ஓங்கி வளர்ந்த ராக் அண்ட் ரோலை, 1954இல் பதிவான பில் ஹேலி, எல்விஸ் பிரெஸ்லி ஆகியோரின் பாடல்கள் உலகெங்கும் பரப்பின.

தமிழில் அதற்குக் குரல் கொடுத்தவர், தூத்துக்குடியில் பிறந்த ஜே. பி. சந்திரபாபு. 1958இல் வெளிவந்த 'பதிபக்தி' படத்தில், விசுவநாதன்–ராமமூர்த்தி இசையில் அவர் ராக் அண்ட் ரோல் பாடினார். இயல்புக் குரலிலிருந்து உச்சக் குரலுக்குச் சட்டெனத் தாவி மீளும் யோடலிங் முறையையும் தமிழ்த் திரைக்குப் பழக்கினார். அவரை நகைச்சுவை நடிகராக மட்டும் நினைவுகூர்வது அவருடைய இசைக்கு நியாயம் செய்வதாகாது.

மலையடிவாரத்திலுள்ள இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம் உள்ளிட்ட தென்மாவட்டக் கோயில் விழாக்களில், மேளக்காரர்கள் ஓய்ந்த வேளைகளில் குழாய் ஒலிபெருக்கியில் முழங்கியவை திரையிசைத் தட்டுகளே. வீட்டில் வானொலி இல்லாதவர்களும் புதிய இசையை அவ்வாறே கேட்டனர்.