பெரிய வண்டிக்கு மாறுகிறீர்களா? இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பாருங்கள்

ஹீரோ ஸ்பிளெண்டரின் எடை சுமார் 112 கிலோ. சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வண்டியின் எடை 196 கிலோ, இன்ஜின் சக்தியோ ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆனால் ஸ்பிளெண்டரில் எட்டுப் போட்டுக் காட்டி வாங்கிய லைசென்ஸே ஹிமாலயனுக்கும் செல்லும். கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதோடு நம் மோட்டார் வாகனச் சட்டம் நிறுத்திக்கொள்கிறது. வண்டி பெரிதானால் இன்னொரு தேர்வு வைக்கும் முறை ஐரோப்பாவில் உண்டு, இங்கே இல்லை. அதனால் பழகிக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது.

கனமான வண்டி முதலில் சாய்வது பெரும்பாலும் பெட்ரோல் பங்க், வீட்டு வாசல் போன்ற இடங்களில்தான். நடை வேகத்தில் ஹேண்டில்பாரைத் திருப்பியபடி முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சரியும். சின்ன வண்டியை ஒற்றைக் காலால் தாங்கிவிடலாம். இதைத் தாங்கப் போனால் கணுக்கால் அடியில் சிக்கும். காலி மைதானத்தில், பின்பிரேக்கை லேசாக மிதித்து, கிளட்சைப் பாதி விட்டு, யூ டர்ன் அடித்துப் பழகுங்கள். ஷோரூமிலேயே சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலும் தரையில் உறுதியாகப் படுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால், எவ்வளவு ஆசைப்பட்டாலும் அந்த வண்டி வேண்டாம் என்பேன்.

வேகம் 40-லிருந்து 80 ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு. பின்னால் ஆளும் பெட்டிகளும் ஏறினால் வண்டி திரும்பும் விதமும் மாறிவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்குத்தான் முதல் பயணம் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயம். அதோடு சேர்த்துத் தரும், வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். "அஞ்சு வருஷம் இருக்கே" என்று பலரும் இரண்டாம் வருடம் அதைப் புதுப்பிப்பதில்லை. தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பாலிசி, பின்னால் உட்கார்ந்து வருபவருக்குத் தானாகப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. தவறு உங்கள் மீது என்றாகி, பின்னால் இருந்த மனைவிக்கோ நண்பருக்கோ அடிபட்டால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கலாம். ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் பின்னால் இருப்பவரைச் சேராது. ஆகவே சொந்தச் சேதமும் சேர்ந்த முழுப் பாலிசியை விடாமல் புதுப்பியுங்கள். பின்னால் வருபவருக்கான விபத்துக் காப்பீட்டையும் கேட்டு வாங்கி, அது பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். பெட்டி, கம்பி, கூடுதல் விளக்கு எது மாட்டினாலும் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சத்தம் போடும் சைலன்சருக்கு மாற்றினால் அபராதம் மட்டுமல்ல, வழக்கும் வரலாம்.

பழைய வண்டியை விற்றுவிட்டோம், தலைமுழுகியாயிற்று என்றும் இருந்துவிடாதீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, தேதி போடாத படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வருவது நம் ஊரில் சாதாரணம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கியவரிடமிருந்து நான்காவது கைக்கு மாறிய வண்டி யாரையாவது இடித்தாலும் இழப்பீட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் தேதி போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். நோ கிளைம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல. சான்று வாங்கினால் புது வண்டியின் சொந்தச் சேதக் காப்பீட்டுப் பிரீமியம் 50 சதவீதம் வரை குறையும்.

புது வண்டிக்குத் தமிழ்நாட்டில் ஆயுள்வரியும் பெரிய தொகை: விலை ஒரு லட்சத்தைத் தாண்டினால் 12 சதவீதம். எனவே ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனி ரசீது கேளுங்கள். எந்த நிறுவனத்தில் இன்சூரன்ஸ் எடுப்பது என்பது உங்கள் விருப்பம், ஷோரூம் வற்புறுத்த முடியாது. வண்டியோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை பதித்த ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியே சொல்கிறது.

வண்டியில் பழுது, சர்வீஸில் இழுத்தடிப்பு என்றால் எழுத்தில் புகார் கொடுத்து ஜாப் கார்டை பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தீரவில்லை என்றால் இரண்டு வருடத்துக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது.

வெளியூரில் விபத்து நடந்தாலும் இழப்பீட்டு மனுவுக்காக அந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் ஊரின் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.