காணாமல் போன வெங்காயக் கணக்கு

கம்ப்யூட்டர் நாம் சொன்னதைத்தான் செய்யும், நினைத்ததைச் செய்யாது. இதை என் பேத்தியிடம் கற்றுக்கொண்டேன்.

நான் அரியலூரில் இருக்கிறேன். மகன் குடும்பம் பெரம்பலூர் பக்கம். அங்கே சின்ன வெங்காயம் நிறைய விளையும். மகனும் பயிரிடுகிறான். மழையில் நனைந்த அவனுடைய கணக்கு நோட்டைப் பார்த்து, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, 40 வரிகளைக் கம்ப்யூட்டரில் டைப் செய்து ஃபைலாக வைத்தாள். அதைப் படித்து, மூட்டைகளைக் கூட்டி, மொத்தத்தைக் கடைசியில் எழுத ஜாவாவில் ஒரு புரோகிராமும் எழுதினாள்.

ஓட விட்டாள். திரையில் 'மொத்தம் 0'. ஃபைலைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை!

"தாத்தா, எல்லாம் போச்சு!" என்று அழுதாள்.

எனக்கு ஜாவா தெரியாது. ஆனால், 30 வருஷம் வீட்டுப்பாடம் திருத்தியவன் ஆயிற்றே! "ஒவ்வொரு வரியும் என்ன செய்யுதுன்னு சொல்லும்மா" என்றேன்.

"முதல் வரி, ஃபைலைப் படிக்கத் திறக்குது. ரெண்டாவது வரி, அதே ஃபைலை எழுதத் திறக்குது..."

"எழுதத் திறந்தா என்ன ஆகும்?"

புத்தகத்தைப் புரட்டினாள். 'ஃபைல்ரைட்டர்' என்ற கட்டளை, பழையதோடு சேர்த்து எழுதச் சொல்லாவிட்டால், திறந்த உடனே ஃபைலைக் காலியாக்கிவிடுமாம். கரும்பலகையை அழித்துவிட்டு, "இப்போது படி" என்றால் எப்படி? அதனால்தான் மொத்தம் பூஜ்யம்.

"சரி, அந்த 'மொத்தம் 0' கூட ஃபைலில் இல்லையே?"

மறுபடி தேடினாள். எழுதுவதை ஜாவா முதலில் ஒரு தற்காலிக இடத்தில் சேர்த்து வைக்கும். 'குளோஸ்' என்று மூடினால்தான் மிச்சமும் ஃபைலுக்குப் போகும். அவள் மூடவே இல்லை!

நல்லவேளை, நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடவில்லை. விடையை வேறு ஃபைலில் எழுதி, மூடும்படி திருத்தினாள். முதலில் 12, 8, 10 என்று மூன்றே வரி வைத்துப் பார்த்தாள். 30 வந்தது! பிறகு 40 வரிகளையும் பொறுமையாக மீண்டும் டைப் செய்தாள். இந்தத் தடவை ஒரு நகலும் எடுத்து வைத்தாள்.

புரோகிராமில் உள்ள தவறை 'பக்', அதாவது பூச்சி என்பார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டருக்குள் நிஜமாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதைப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். கோளாறைப் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு.

உங்கள் புரோகிராமில் பூச்சி புகுந்தால் அழாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் வரி வரியாக விளக்குங்கள். பூச்சி தானே வெளியே வரும்!