லூபஸ்: பிறப்பில் வரும் ஆபத்து, வெயிலில் கூடும் ஆபத்து

பசறையிலும் ஹப்புத்தளையிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மூட்டுவலியும் களைப்பும் வந்தால், வேலைப்பளு என்றோ இரத்தசோகை என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் லூபஸ் என்ற நோயும் இப்படித் தொடங்கலாம். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். நோய் உருவாகும் விதம் இது: வைரஸ் நுழைந்தால் உடலை எச்சரிக்கும் புரதம் இன்டர்ஃபெரோன். லூபஸ் வந்த பலரிடம் வைரஸ் இல்லாமலே அந்த எச்சரிக்கை ஓயாமல் தொடர்கிறது. அதனால் நோயெதிர்ப்பு அணுக்கள் சொந்தச் சிறுநீரகத்தையும் தோலையும் தாக்குகின்றன. ஐ.ஆர்.எஃப்.5, ஸ்டாட்4 போன்ற மரபணுக்களின் சில வடிவங்கள் லூபஸ் வரும் ஆபத்தைக் கூட்டுகின்றன. டி.எல்.ஆர்.7 மரபணுவில் நேர்ந்த ஒற்றை மாற்றமே ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்திக்கு லூபஸைத் தந்தது என்று 2022இல் நிறுவப்பட்டது.

பிறப்பிலேயே வந்ததை யார் மாற்ற முடியும் என்று கேட்கலாம். அச்சிறுமியின் நிலை மிக அரிது. ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் வந்தாலும், மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. அப்படியானால் சூழலுக்கும் பங்குண்டு. நோயைத் தூண்டுவதில் புறஊதாக் கதிர் முக்கியமானது. உயரம் கூடக் கூட அது வலுக்கும். மலையில் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்கள் தோட்டப் பெண்களே. களைத்த எல்லோரையும் சோதிப்பது நடக்குமா என்றால், தேவையில்லை. மூட்டுவலியோடு கன்னத்தில் செம்படை, வெயில் பட்டால் தடிப்பு, ஆறாத வாய்ப்புண், முகவீக்கம் சேர்ந்தால் சிறுநீரில் புரதம் பார்த்து, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். சிகிச்சையும் உண்டு. இன்டர்ஃபெரோனின் வேலையைத் தடுக்கும் அனிஃப்ரொலுமாப் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது விலை மிகுந்த மருந்து. ஆனால் லூபஸுக்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பழைய, மலிவான மாத்திரை. அதை உரிய காலத்தில் தொடங்க, கிளினிக் நாளில் சம்பளம் வெட்டாத தோட்ட நிர்வாகம் வேண்டும்.