நிமோனியா நோயாளிக்கு வயிற்றுவலி: உடனே சொல்லுங்கள்

"மூச்சுத் திணறலுக்காகத்தானே சேர்த்தோம், டாக்டர்? வயிற்றுக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது என்கிறீர்களே!" கோவிட் காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவினர்கள் எங்களிடம் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

கொரோனா போன்ற வைரஸ்களால் வரும் கடுமையான நிமோனியா நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. உடலெங்கும் பரவும் அழற்சியால் இரத்தம் எளிதில் உறையத் தொடங்குகிறது. கால் நாளங்களில் உருவாகும் இரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரல் நாளத்தை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்கவே ஹெப்பாரின், எனாக்சபாரின் போன்ற ஊசிமருந்துகளைத் தருகிறோம். பெரும்பாலோருக்கு இவை நன்மையே செய்கின்றன. சிலருக்கு மட்டும் இரத்தக்கசிவு ஏற்படுகிறது. முதியோருக்கும் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தோருக்கும் இந்த அபாயம் கூடுதல்.

எங்கே கசியும்?

இடைவிடாத இருமலால் வயிற்றுச் சுவரின் தசைக்குள் சிறு நாளம் கிழியலாம். முதுகெலும்பை ஒட்டி இடுப்புக்கு இறங்கும் தசைக்குள் இரத்தம் தேங்கலாம். இரைப்பைப் புண்ணிலிருந்தும் கசியலாம். வெளியே ஒரு துளியும் தெரியாமல் உடலுக்குள் மிகுந்த இரத்தம் சேர்ந்துவிடக்கூடும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• வயிறு, இடுப்பு, தொடை இடுக்கில் திடீர் வலி அல்லது வீக்கம்
• ஒரு காலை மடக்கவோ தூக்கவோ இயலாமை
• தார்போல் கறுத்த மலம், இரத்த வாந்தி
• தலைசுற்றல், வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு

செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரால் வலியைச் சொல்ல இயலாது. ஆகவே நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றை நாங்கள் தொடர்ந்து கண்காணிக்கிறோம். ஐயம் எழுந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்துக் கசிவின் இடத்தை அறிகிறோம்.

கசிவு உறுதியானால் உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்துகிறோம். தேவைக்கேற்ப மாற்று மருந்தும் இரத்தமும் செலுத்துகிறோம். பலருக்கு இதுவே போதும். கசிவு நிற்காவிட்டால், மெல்லிய குழாயை இரத்தநாளத்தின் வழியே செலுத்திக் கசியும் இடத்தை அடைக்கலாம். இரைப்பைக் கசிவை எண்டோஸ்கோப்பி மூலம் நிறுத்தலாம்.

வீடு திரும்பிய பின்

சிலருக்கு உறைவுத் தடுப்பு மாத்திரை தொடரும். அச்சத்தால் அதை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். தவறிய வேளைக்கு ஈடாக இரட்டிப்பாகவும் கொடுக்காதீர்கள். மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை வாங்கித் தர வேண்டா. மேற்கண்ட அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

"சின்ன வலிதானே, டாக்டரைத் தொந்தரவு செய்வானேன்?" என்று தயங்க வேண்டா. நோயாளியின் அருகிலேயே இருப்பவர் நீங்கள். நீங்கள் தக்க நேரத்தில் சொல்லும் ஒரு சொல், ஓர் உயிரைக் காக்கலாம்.